மலையகத்தின் அன்றாட வாழ்க்கையை நல்ல படமாக எடுப்பது எப்படி: போனை நீட்டுவதற்கு முன்னால் தொடங்கும் வேலை, படிப்படியாக

நம்ம இலங்கை மலையகத்துப் படங்கள் இணையத்தில் நிறையவே கிடக்கின்றன. தேயிலை மலை, தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம், நீர்வீழ்ச்சி, கூடையோடு சிரிக்கும் ஒரு அக்கா. அதே அக்கா விடியக்காலையில் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) விட்டுவிட்டு ஓடுவதையும், பீலியடியில் (தண்ணீர் பிடிக்கும் இடம்) குடம் நிறையும் வரை பக்கத்து லயத்துக்காரியோடு (லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடு) கதைத்துக்கொண்டு நிற்பதையும், கொழுந்து நிறுக்கும்போது தராசையே பார்த்துக்கொண்டு நிற்பதையும் எடுத்த படங்கள் ரொம்பக் குறைவு. அதை எடுக்க வேண்டியவர்கள் நாம்தான். அந்த நேரத்தில் அங்கே இருப்பதும் நாம்தான்.

புதிதாகப் படம் எடுக்க வரும் தம்பி தங்கச்சிமாரைப் பார்த்தால், பெரும்பாலும் தடுமாறுவது கெமரா விஷயத்தில் இல்லை. வேலையின் ஒழுங்கு மாறிப்போகிறது. முதலில் போனை நீட்டுகிறார்கள், அப்புறம் எங்கே நிற்பது என்று தேடுகிறார்கள், வெளிச்சம் சரியில்லை என்று கடைசியில்தான் தெரிகிறது, அதற்குள் எதிரில் இருக்கிறவர் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நிற்கிறார். இதைத் திருப்பிப் போட வேண்டும். என்ன வேலையை எடுக்கப் போகிறோம், யாரிடம் கேட்க வேண்டும், எந்த நேரம், எங்கே நிற்பது, எல்லாம் முடிவான பிறகுதான் போன். கீழே உள்ள படிகளும் அதே ஒழுங்கில்தான் இருக்கின்றன. இடையில் ஒன்றைத் தாண்டினால் அடுத்த படியில் இடிக்கும்.

## 1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

நடுத்தர விலை போன் போதும். லென்ஸ் மாற்றும் கெமரா வைத்திருப்பவர்கள் 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றோடு போங்கள், பையைக் கனமாக்க வேண்டாம்.

போனைவிட முக்கியம் ஒரு மெல்லிய பருத்தித் துணி. பழைய வேட்டியில் கிழித்த துண்டு நல்லது. நம்ம படங்களில் பாதி மங்கலாக வருவதற்குக் காரணம் மூடுபனி என்று நினைக்கிறோம், உண்மையில் லென்ஸ் மேல் இருக்கிற விரல் எண்ணெயும் ஈரமும்தான். ஒவ்வொரு முறை போனை வெளியே எடுக்கும்போதும் துடையுங்கள்.

மழைக்கு வாய் இறுக மூடும் பிளாஸ்டிக் பை ஒன்று, ஒரு பவர் பேங்க். பள்ளத்து லயங்களில் சிக்னலைத் தேடித் தேடியே போனில் சார்ஜ் இறங்கிவிடும், அதனால் படம் எடுக்கும் நேரத்தில் பிளைட் மோடில் போட்டுவிடுங்கள். போனில் இரண்டு மூன்று ஜிபி இடம் காலியாக இருக்கட்டும், நல்ல தருணத்தில் "இடம் இல்லை" என்று வந்தால் எதை அழிப்பது என்று தேடுவதற்குள் அது போய்விடும். மழைக்காலத்தில் மலைக்குள் இறங்குபவர்கள் காலுக்குச் சவர்க்காரம் தடவிக்கொண்டு போவது நல்லது. அட்டை காலில் ஏறினால் பொறுமையாக நின்று பார்க்க முடியாது.

கெமரா வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. இந்த ஈரக் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும், பிடித்தால் எடுப்பது கஷ்டம். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். துணி அலுமாரிக்குள் தோல் உறையோடு பூட்டி வைப்பதுதான் ஆகக் கெட்ட பழக்கம், உறையே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

## 2. போனை ஒரே ஒரு தடவை சரிசெய்து வைப்பது

இதை வீட்டில் உட்கார்ந்து செய்துவிடுங்கள். களத்தில் நின்று செட்டிங்ஸ் தேடக் கூடாது.

திரையில் கட்டக் கோடுகளை (கிரிட்) போட்டு வையுங்கள். நம்ம ஊரில் சமதரை கிடையாது, எல்லாம் சரிவு. சரிவைப் பார்த்து நேராக்கப் போனால் லயமே சாய்ந்து நிற்கும். அதனால் கிடைக்கோட்டை விட்டுவிட்டு, கதவு நிலை, கரண்ட் போஸ்ட், நேராக நிற்கும் ஒரு ஆள் என்று நிமிர்ந்து நிற்கிற ஏதாவது ஒன்றை நெட்டுக்கோட்டோடு ஒட்டிப் பாருங்கள். மலை சாய்ந்திருந்தால் சாய்ந்திருக்கட்டும்.

முகத்தை அழகாக்கும் பியூட்டி வசதியை முழுசாக நிறுத்துங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வெயிலிலும் பனியிலும் இருபது முப்பது வருடம் நின்ற முகத்தில் இருக்கிற கோடுகளை அது துடைத்துவிடும், நிறத்தையும் வெளுப்பாக்கும். நம்ம ஆட்களை இன்னொருவராக மாற்றிக் காட்டுகிற வேலை அது.

பிளாஷ் வேண்டாம். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் முறையும் இந்த மாதிரிப் படங்களுக்கு வேண்டாம். கூடைக் கயிறு, அவிழ்ந்த முடி, சாயக் கோப்பையின் ஆவி, இதையெல்லாம் அது பிசகாக வெட்டும். அதைவிடப் பெரிய நட்டம், ஆள் எங்கே நிற்கிறார் என்பதே படத்தில் இருக்காது. அன்றாட வாழ்க்கையை எடுக்கிறோம் என்றால் அந்த இடமும்தானே வேண்டும்.

விரலால் பெருப்பிக்கும் ஸூம் வேண்டாம், கிட்டே நடந்து போங்கள். ஆக அகலமாகக் காட்டும் லென்ஸில் ஆட்களை ஓரத்தில் நிறுத்தாதீர்கள், முகமும் தோளும் இழுபட்டுப் போகும். படம் எடுப்பதற்கு ஒலிப் பொத்தானைப் பழகிக்கொள்ளுங்கள். மழைத்துளி பட்ட திரை தொட்டால் கேட்காது, பொத்தான் எப்போதும் கேட்கும்.

## 3. ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

"எங்க தோட்டத்த எடுக்கப் போறேன்" என்று கிளம்பினால் ஒன்றும் வராது. சுற்றிச் சுற்றி வந்து லயத்தின் முன்பக்கத்தையும் கோயிலையும் எடுத்துக்கொண்டு திரும்புவீர்கள். ஒரே ஒரு வேலையைப் பிடியுங்கள். அதற்கு ஒரு தொடக்கமும் நடுவும் முடிவும் இருக்க வேண்டும்.

காலை ரொட்டி நல்ல தொடக்கம். மா பிசைவது, தட்டுவது, கல்லில் போடுவது, சம்பல் அரைப்பது, பொட்டலம் கட்டுவது, ஸ்கூல் பிள்ளை சாப்பிட்டும் சாப்பிடாமலும் ஓடுவது. நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் என்றால் கரட்டைப் பிடுங்கிக் கழுவி மூட்டை கட்டி லொறியில் ஏற்றுவது வரை இருக்கிறது. வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் மரக்கறித் தோட்டம், சந்தை. டவுனில் சலூன், தையல் கடை, ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் சாமானை ஏற்றும் கொண்டக்டர். தோட்டத்தில் பீலியடி, விறகு கட்டுவது, கவ்வாத்து வெட்டுவது (தேயிலைச் செடியைக் கத்தரிப்பது).

முதல் நாள் போனை எடுக்காமல் அந்த வேலையை ஆரம்பம் முதல் கடைசி வரை பாருங்கள். இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டுகிறார்கள், இதில்தான் பாதிப் படமே இருக்கிறது. அன்றாட வேலை திரும்பத் திரும்ப நடக்கும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தவர்தான் அது வருவதற்கு முன்னால் சரியான இடத்தில் நிற்க முடியும். ரொட்டியைத் திருப்பிப் போடும் முன் அம்மா முந்தானையால் விரலைத் துடைப்பார் என்று தெரிந்தால் அதற்குக் காத்திருக்கலாம். தெரியாதவர் திருப்பின பிறகு எடுப்பார்.

பார்த்து முடிந்ததும் ஐந்தாறு தருணங்களை எழுதிக்கொள்ளுங்கள். இடம் முழுதும் தெரிகிற ஒன்று, ஆளும் வேலையும் சேர்ந்த ஒன்று, கை மட்டும், முகம் மட்டும், வேலை முடிந்த பிறகு மிச்சம் கிடப்பது. பழகுபவர்கள் எல்லாவற்றையும் ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில் நின்று எடுத்துவிடுவார்கள். பத்துப் படம் இருக்கும், பார்த்தால் ஒரு படம்தான்.

சொந்த வீட்டில் ஆரம்பியுங்கள். அங்கே உங்களை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

## 4. கேட்பது

தெரிந்த ஆள்தானே என்று கேட்காமல் எடுக்கக் கூடாது. தெரியாத ஆளிடம் கேட்டே ஆக வேண்டும்.

கொழுந்து மலையில் எடுப்பதென்றால் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடமோ கணக்கப்பிள்ளையிடமோ முதலில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பேச்சு வாங்குவது நீங்கள் இல்லை, அந்தப் பெண்கள்தான். தேயிலை ஸ்டோருக்குள் (தொழிற்சாலைக்குள்) போக நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஓடும் மெஷின் இருக்கும் இடம், தொங்குகிற சால்வையோடும் கயிற்றோடும் உள்ளே நிற்கக் கூடாது.

அப்புறம் ஒரு கணக்கு. கொழுந்து எடுப்பவர்களுக்குக் கிலோவில்தான் பேர், அதாவது அன்றைய சம்பளக் கணக்கு. நீங்கள் ஒருவரைப் பத்து நிமிடம் நிறுத்தி இப்படித் திரும்புங்கள் அப்படிச் சிரியுங்கள் என்றால், அந்தப் பத்து நிமிடக் கொழுந்து அவர் கூடையில் இல்லை. அன்றைக்கு முழுப்பேர் அரைப்பேராகப் போகவும் கூடும். அதனால் வேலையை நிறுத்தி எடுக்கிற பழக்கமே வேண்டாம். நின்று பார்க்கிற படத்தைவிட வேலை செய்கிற படம்தான் நமக்கும் வேண்டியது.

எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் பலர் ஒளிந்து நின்று எடுக்கிறார்கள். இவ்வளவு போதும்: "அக்கா, நீங்க வேல செய்றத அப்படியே கொஞ்சம் படம் எடுத்துக்கவா? நிக்க வேணாம், என்னையப் பார்க்கவும் வேணாம். நல்லா வந்தா கழுவிக் கொண்டாந்து தாரேன்." (கழுவுவது என்றால் பிரிண்ட் போடுவது.) வேண்டாம் என்றால் சரி என்று நகர்ந்துவிடுங்கள், இரண்டாவது தடவை கேட்காதீர்கள். பிள்ளைகளை எடுக்க அந்தப் பிள்ளையின் அம்மா அப்பாவிடம் கேளுங்கள்.

கேட்டதும் பெரும்பாலும் நடப்பது இது: வேலையை நிறுத்துவார், முடியை ஒதுக்குவார், நேராக நின்று பார்ப்பார். அந்தப் படத்தை எடுங்கள், ஒழுங்காக, மரியாதையாக எடுங்கள். அவர் தன்னை எப்படிக் காட்ட விரும்புகிறாரோ அது அந்தப் படம்தான், பின்னால் கழுவிக் கொடுக்க வேண்டியதும் அதுதான். எடுத்துக் காட்டிவிட்டுப் போனைக் கீழே இறக்கிக் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுங்கள். அவர் வேலைக்குத் திரும்பி, நீங்கள் நிற்பதை மறந்த பிறகு அடுத்தது தொடங்கும். இந்த இடைவெளியை விடாமல் தொடர்ந்து தட்டிக்கொண்டே இருப்பவர்களுக்குக் கடைசி வரை விறைப்பு முகம்தான் கிடைக்கும்.

## 5. நேரம்

நாம் பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கே இருக்கிறோம். வருடம் முழுதும் சூரியன் ஏறத்தாழ காலை 5.50க்கும் 6.30க்கும் இடையில் உதித்து, வேகமாக மேலே ஏறிவிடும். பத்து மணிக்கு மேல் வெயில் தலைக்கு மேலே இருந்து அடிக்கும், கண்குழியும் மூக்குக்கு அடியும் கறுத்துப் போகும். தலையில் துணி போட்டுக் கொழுந்து எடுக்கிறவர் என்றால் முகமே தெரியாது. வெயில் நாளில் பத்துக்கு முன், மூன்றரைக்குப் பின். இடைப்பட்ட நேரத்தில் இஸ்தோப்பு (வீட்டு முன் திண்ணை), மர நிழல், கடை வாசல் என்று நிழலுக்குள் நடக்கும் வேலைகளை எடுங்கள்.

ஆனால் பள்ளத்தில் இருக்கிற லயத்துக்கு அந்தக் கணக்குச் சரிவராது. எதிர் மலை மறைத்தால் ஏழரை எட்டு வரை வெயில் இறங்காது. உங்கள் லயத்துக்கு முதல் வெயில் எத்தனை மணிக்கு, எந்தக் கூரை மேல் விழுகிறது என்று ஒரு வாரம் கவனித்து வையுங்கள். அந்த முதல் கால் மணி நேரம், புகைபோக்கியில் புகையும் சாய்வு வெயிலும் சேரும்போது, வேறு எந்த நேரத்திலும் கிடைக்காத படம் கிடைக்கும்.

பருவமும் பார்க்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் பிடித்துக்கொள்ளும். அதே நேரம் மலைக்கு அந்தப் பக்கம் ஊவாவில் வறண்ட காற்று. வருடக் கடைசியில் இது மாறும், பதுளை, பண்டாரவளைப் பக்கம் மழை. மழையில் எடுக்கக் கூடாது என்று இல்லை. எந்த மாதத்தில் எந்த வேலை வெளியே நடக்கும், எது வீட்டுக்குள் போகும் என்பதை இது தீர்மானிக்கிறது.

## 6. எங்கே நிற்பது

நிற்கும் இடம் என்றால் பின்னணி. முகத்துக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்த்த பிறகுதான் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நம்ம பக்கம் வெறும் வெள்ளை வானம் பெரிய தொந்தரவு. சரிவில் கீழே நின்று மேலே இருக்கிறவரை எடுத்தால் அவருக்குப் பின்னால் வானம் வந்துவிடும், கெமரா அந்த வெள்ளைக்கு ஏற்றபடி வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் கரியாகும். நம்ம ஆட்களின் நிறத்துக்கு இது இன்னும் மோசமாகத் தெரியும். ஆள் நிற்கும் உயரத்துக்கே ஏறி, குறுக்கே நின்று, எதிர்ச் சரிவின் பச்சை பின்னால் வரும்படி வைத்துப் பாருங்கள். இரண்டடி நகர்ந்தாலே மாறும். திரையில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியன் அடையாளத்தைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும், முகம் தெரிய வேண்டும்.

கொழுந்து எடுப்பவர் குனிந்து செடியைத்தான் பார்ப்பார். மேலே நின்று எடுத்தால் தலைத்துணியும் கூடையும்தான். அதே நிரையில் ஒரு செடி தள்ளி, முழங்கால் மட்டத்துக்கு இறங்குங்கள். இரண்டு கையும் நிறைந்ததும் தோளுக்கு மேலே கொண்டுபோய்க் கூடைக்குள் போடுவார் இல்லையா, அப்போது முகம் சற்று நிமிரும், கண் அடுத்த செடிக்குப் போகும். அரை வினாடிதான். கை நிறைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது எப்போது வரும் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று நிறம். நீலப் படங்குக்கு (தார்பாய்க்கு) அடியில் நிற்பவர் முகம் நீலமாகத்தான் வரும், பின்னால் எந்தத் திருத்தமும் அதை முழுசாக எடுக்காது. படங்கின் ஓரத்துக்கு, வெளி வெளிச்சம் படும் இடத்துக்கு அவர் வரும் வரை காத்திருங்கள்.

நிற்கக் கூடாத இடமும் உண்டு. ரயில் பாதை மேலேயும் பாலத்து மேலேயும் சுரங்க வாசலிலும் நின்று எடுக்காதீர்கள், ஓடும் பெட்டியில் தொங்கிக்கொண்டும் எடுக்காதீர்கள். வளைவு நிறைந்த பாதை, மூடுபனியில் ரயில் கிட்டே வந்த பிறகுதான் தெரியும். நானுஓயாவிலோ ஹட்டனிலோ பிளாட்பாரத்தில் இருந்தே எடுக்க எவ்வளவோ இருக்கிறது.

## 7. மூடுபனியும் மழையும்

கெமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். மூடுபனி வெள்ளை, அதனால் கெமரா அதை அழுக்குச் சாம்பலாக்கிவிடும். வெளிச்சத்தை நீங்களே கூட்ட வேண்டும். கெமராவில் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) +0.7 முதல் +1 வரை, போனில் சூரியன் அடையாளத்தை மேலே. நிறமும் நீலமாக வரும், வெண்சமநிலையை (வைட் பேலன்ஸ்) மேகமூட்டத்துக்கு மாற்றினால் கண்ணுக்குத் தெரிந்தபடி இருக்கும்.

பனியில் தூரத்துப் பொருள்கள் அழிந்துபோகும். இது நமக்கு நல்லது, ஏனென்றால் கரண்ட் கம்பி, தண்ணீர் டாங்கி எல்லாம் மறைந்து ஆள் மட்டும் நிற்பார். ஆனால் கிட்டே ஏதாவது கறுப்பாக, அழுத்தமாக இருக்க வேண்டும். ஒரு குடை, ஒரு மரம், கொங்காணி (மழைக்குத் தலையில் போடும் போர்வை) போட்ட ஒரு ஆள். அது இல்லாமல் பனியை மட்டும் எடுத்தால் வெறும் வெள்ளைத் தாள்தான். பார்க்கும்போது இருந்த குளிர் படத்தில் வராது.

மழையில் குடை பிடிக்க ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. மழைக்கோடு தெரிய வேண்டுமென்றால் பின்னால் இருட்டு வேண்டும், திறந்த கதவுக்குள் இருக்கும் இருட்டு, சவுக்கு மரம் என்று ஏதாவது.

## 8. காம்பராவுக்குள்ளே (லயத்து அறைக்குள்ளே)

வெளியே குளிர், உள்ளே அடுப்பு. குளிர்ந்த போனோடு உள்ளே நுழைந்ததும் லென்ஸ் மேல் நீராவி படியும், துடைக்கத் துடைக்க வரும். போனைச் சட்டைக்குள், உடம்புச் சூட்டோடு வைத்துக்கொண்டு போங்கள். படிந்துவிட்டால் கொஞ்ச நேரம் பொறுங்கள், தானாகப் போகும்.

உள்ளே வெளிச்சம் மூன்று வகை: கதவு வழியாக வருவது நீலம் கலந்தது, அடுப்பு செம்மஞ்சள், பல்பு இன்னொன்று. மூன்றும் சேர்ந்தால் முகத்தில் திட்டுத் திட்டாக விழும். அதனால் முதல் வேலை, கேட்டுவிட்டுப் பல்பை அணைப்பது. அடுத்து, கதவா அடுப்பா என்று முடிவெடுங்கள். கதவு வெளிச்சம் என்றால் நீங்கள் கதவுக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் சுவரோடு ஒட்டி நில்லுங்கள், வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுந்து மறுகன்னம் மெல்ல இருட்டாகும். கதவு வாசலிலேயே நின்று எடுப்பவர்கள் வருகிற வெளிச்சத்தைத் தங்கள் உடம்பாலேயே மறைத்துவிடுகிறார்கள். இதைச் செய்யாத ஆளை நான் பார்த்ததே இல்லை.

அடுப்புப் புகையில் வெயில் கற்றை விழுவது அழகு. அது தெரிய, கற்றைக்குப் பின்னால் கரி பிடித்த சுவர் வர வேண்டும். இங்கே மூடுபனிக்குச் சொன்னதற்கு எதிர், வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். கெமரா இருட்டைப் பார்த்துக் கூட்டிவைக்கும், கரிச்சுவர் சாம்பலாகிவிடும், கற்றையும் கரைந்துவிடும்.

கை நடுங்காமல் இருக்க முழங்கையை நிலைப்படியிலோ பெட்டி மேலோ ஊன்றுங்கள். மூச்சை விட்டு முடித்ததும் பொத்தானை அழுத்துங்கள்.

உள்ளே நுழைந்ததும் சாமானை ஒதுக்கி வைக்கச் சொல்லாதீர்கள். கொடியில் தொங்கும் யூனிபோர்ம், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கும் கரண்ட் பில், சுவரில் ஒட்டிய பழைய கலண்டர், இவைதான் பத்து வருடம் கழித்துப் பார்க்கும்போது பேசும். ஆனால் வீட்டுக்காரர் எதையாவது மறைக்க விரும்பினால் மறைக்கட்டும், அது அவர் வீடு.

## 9. அசையும் கை, ஒரு முழு உதாரணம்

வேகத்துக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து கதைக்கிறவருக்கு ஷட்டர் வேகம் 1/125 வினாடி, நடக்கிறவருக்கு 1/250, கொழுந்து பறிக்கிற கைக்கு 1/500. போனில் வேகத்தை நாமே வைக்கும் புரோ முறை இருந்தால் இதை வையுங்கள், ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 800, 1600 என்று ஏறினாலும் பரவாயில்லை. கொஞ்சம் பொரிபொரியாக வந்த படத்தைப் பார்க்கலாம், கலங்கின முகத்தை ஒன்றும் செய்ய முடியாது. புரோ முறை இல்லாவிட்டால் தொடர்ந்து எடுக்கும் வசதியில் (பர்ஸ்ட்) வரிசையாக எடுத்துப் பின்னால் ஒன்றைப் பொறுக்குங்கள்.

இப்போது கொழுந்து மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) நிறுவையை எடுக்கிறோம் என்று வைப்போம். நேரம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், முதல் நாளே கேட்டுவைத்து அரை மணி முன்னால் போய்விடுங்கள். வெறும் மடுவத்தை எடுங்கள், தராசு, கொக்கி, சுவரில் சாய்த்த மட்டக்கம்பு (செடியின் மட்டம் பார்க்கும் கம்பு). அப்புறம் பாதையின் வளைவில், ஆட்கள் வரிசையாக இறங்கி வரும் இடத்துக்குக் குறுக்கே நில்லுங்கள். நேர் எதிரே நின்றால் முன்னால் வருகிறவர் மற்றவர்களை மறைத்துவிடுவார்.

நிறுக்கத் தொடங்கியதும் மடுவத்துக்கு உள்ளே, தராசுக்குப் பின்பக்கமாக இடம் பிடியுங்கள். எல்லோரும் வெளியே நின்று நிறுக்கிறவரின் முதுகை எடுப்பார்கள். உள்ளே இருந்து பார்த்தால் வெளி வெளிச்சம் பெண்களின் முகத்தில் விழும், எல்லோருடைய கண்ணும் தராசில் இருக்கும். தராசில் தொங்கும் சாக்கு ஆடி அடங்கும் வரை முகம் ஒரு மாதிரி, எண் சொன்னதும் வேறு மாதிரி. அந்த மாற்றம்தான் படம். எண் சொல்லிக் கழிவும் (எடையில் குறைப்பதை) கழித்த பிறகு ஒரு சிலர் ஒன்றும் சொல்லாமல் சாக்கை உதறிக்கொண்டு போவார்கள், அதையும் விடாதீர்கள்.

எல்லோரும் போன பிறகு ஐந்து நிமிடம் நில்லுங்கள். தரையில் சிந்தின கொழுந்து, அதைக் கூட்டுகிறவர், லொறி வரும் சத்தம் கேட்டு எழும்புகிற நாய். பழகுபவர்கள் கூட்டத்தோடு சேர்ந்து கிளம்பிவிடுவதால் இந்தக் கடைசிப் படம் யாரிடமும் இருக்காது.

## 10. இராத்திரிக் கூத்து

மாசியில் காமன் கூத்து (மன்மதன் கதையை ஆடும் கூத்து) நடக்கும் தோட்டத்தில் இருந்தால் பகலிலேயே தொடங்குங்கள். ஒப்பனை போடுவது, தப்பு மேளத்தை நெருப்பில் காய்ச்சுவது, களம் கூட்டுவது எல்லாம் வெளிச்சத்தில் நடக்கும், படமும் நிறையக் கிடைக்கும். ஆட்டம் தொடங்கியதும் ஒரு மின்விளக்கைத் தேர்ந்தெடுத்து அதற்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டு, ஆடுபவர் அந்த வெளிச்சத்துக்குள் வரும் வரை பொறுங்கள். ஆட்களைத் துரத்திக்கொண்டு களத்தைச் சுற்றாதீர்கள். நைட் மோட் அசையாத பொருளுக்குத்தான், ஆடுகிறவரைக் கரைத்துவிடும். பிளாஷ் அடித்து ஆட்டக்காரரின் கண்ணைக் கூச வைப்பது அந்தக் கூத்துக்கு விரதம் இருக்கிறவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

## 11. பொறுக்குவதும் திருத்துவதும்

அன்றைக்கே அழிக்காதீர்கள், ஒரு நாள் கழித்துப் பாருங்கள். எடுத்த சூட்டில் நமக்கு எல்லாமே நல்லதாகத் தெரியும், அல்லது எல்லாமே கெட்டதாகத் தெரியும். எழுதி வைத்த ஐந்தாறு தருணங்களுக்கு ஒவ்வொன்றாகப் பொறுக்குங்கள். ஒரே மாதிரி இரண்டு இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

திருத்தம் கொஞ்சம்தான்: நேராக்குவது, முகத்தின் வெளிச்சம், நிறம். தேயிலைப் பச்சையைக் கூட்டாதீர்கள். போனே ஏற்கனவே கூட்டித்தான் எடுக்கிறது, இன்னும் கூட்டினால் பச்சை மினுங்கி ஆள் பின்னால் போய்விடுவார். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட கை, கால் இருந்தால் அதை முழுசாக வெட்டுங்கள் அல்லது அந்தப் படத்தை விடுங்கள்.

## 12. கொடுப்பதும் போடுவதும் வைப்பதும்

கழுவித் தருகிறேன் என்று சொன்னால் தர வேண்டும். டவுன் ஸ்டூடியோவில் நாலுக்கு ஆறு அளவில் எடுத்துக்கொண்டு போய்க் கையில் கொடுங்கள். இப்படிக் கொடுத்தவருக்கு அடுத்த முறை எந்தக் கதவும் திறக்கும். சொல்லிவிட்டுக் கொடுக்காதவரால் அந்த லயத்தில் அவருக்குப் பின்னால் வருபவருக்கும் கதவு அடைபடும்.

படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினால் அது சுருக்கிவிடும். ஸ்டூடியோவுக்கு அனுப்பும்போது டொகியுமெண்டாக இணைத்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் கழுவிய படம் மொழுமொழுவென்று இருக்கும்.

பேஸ்புக்கில் போடுவதற்குத் தனியாக அனுமதி கேளுங்கள். எடுக்கச் சம்மதித்தவர் ஊருக்கெல்லாம் காட்டச் சம்மதித்தார் என்று அர்த்தம் இல்லை. குளிக்கிற இடம், சாவு வீட்டில் அழுகிற முகம், ஸ்கூல் பெட்ஜ் தெரியும் பிள்ளைகள், இவற்றைப் போட வேண்டாம். கூரை ஒழுகும் வீட்டைப் போட்டு இரக்கம் தேடவும் வேண்டாம். அந்த வீட்டுப் பிள்ளை நாளைக்கு அதே ஸ்கூலுக்குத்தான் போக வேண்டும். ஒழுகுவதைக் காட்ட வேண்டிய தேவை இருந்தால், வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டால், அவரோடு பேசி எடுங்கள்.

போன் உடையும், தொலையும். மாதத்துக்கு ஒரு முறை மெமரி கார்டிலோ ஹார்ட் டிஸ்கிலோ ஒரு பிரதி, வேறு வீட்டில் இன்னொரு பிரதி. கோப்புறைக்குப் பெயர் வைக்கும்போது திகதி, தோட்டம், டிவிசன் (தோட்டத்தின் பிரிவு), வேலை என்று எழுதுங்கள். கழுவிய படத்தின் பின்பக்கத்தில் ஆட்களின் பெயரையும் வருடத்தையும் மெதுவாக, அழுத்தாமல் எழுதி, மை காய்ந்த பிறகு அடுக்குங்கள். ஈரச் சுவரில் சாய்ந்திருக்கும் அலுமாரியில் வைக்காமல், சுவரை விட்டுத் தள்ளி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.